துப்பாக்கி ஏந்திய மீன்: 'நியூக்ளியர் த்ரோன்' விளையாட்டை விமர்சகர்கள் கொண்டாடியது ஏன்?

மனித இனம் அழிந்துபோன ஒரு பாழ்நிலம். அணுக்கதிர் வீச்சால் உருமாறிய உயிரினங்கள் மட்டுமே அங்கு எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று, கைகால் முளைத்த மீன். ஒரு கைத்துப்பாக்கியுடன் அது அணு அரியணையைத் தேடிப் புறப்படுகிறது. பெரும்பாலான ஆட்டங்களில் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் செத்தும் விடுகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரைச் சேர்ந்த விளாம்பேர் என்ற மிகச் சிறிய நிறுவனம் உருவாக்கி, 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி முழுமையான வடிவில் வெளியிட்ட 'நியூக்ளியர் த்ரோன்' என்ற வீடியோ கேமின் கதை இவ்வளவுதான்.

கதையென்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லாத, ஆட்டக்காரரைச் சிறிதும் இரக்கமின்றித் தோற்கடிக்கும் இந்த விளையாட்டுக்கு விமர்சகர்கள் அளித்த வரவேற்பு வியப்புக்குரியது. விமர்சன மதிப்பெண்களைத் தொகுத்து வழங்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் இதன் கணினிப் பதிப்பு 100-க்கு 80-க்கும் மேற்பட்ட சராசரியைப் பெற்றது. ஸ்டீம் இணைய விற்பனையகத்திலும் பயனர்களின் கருத்துகள் பெருவாரியாகச் சாதகமாகவே உள்ளன. பெருநிறுவனங்கள் நூற்றுக்கணக்கான பணியாளர்களைக் கொண்டு உருவாக்கும் விளையாட்டுகளுக்கே எட்டாத இடம் இது.

இந்த வரவேற்பைக் கூர்ந்து கவனித்தால் ஒரு முரண் தெரியவரும். விமர்சகர்கள் எதைப் பாராட்டினார்களோ, அதையேதான் குறையாகவும் சுட்டினார்கள். தோற்றவருக்கு இந்த விளையாட்டு ஆறுதல் பரிசு எதையும் தருவதில்லை. ஒருவர் நூறு முறை ஆடிய பிறகும், நூற்றொன்றாவது ஆட்டத்தை அதே எட்டுப் புள்ளி உயிர்பலத்துடனும் அதே சாதாரணக் கைத்துப்பாக்கியுடனும்தான் தொடங்க வேண்டும். ஆட்டக்காரரிடம் தங்கியிருப்பது அவர் கற்றுக்கொண்டது மட்டுமே. இந்தக் கண்டிப்பைச் சிலர் நேர்மை என்றனர், சிலர் பிடிவாதம் என்றனர்.

இரண்டு கைகளுக்கு இரண்டு வேலை

நியூக்ளியர் த்ரோன் 'ட்வின்-ஸ்டிக் ஷூட்டர்' என்ற வகையைச் சேர்ந்தது. ஒரு கை பாத்திரத்தை நகர்த்தும், மற்றொரு கை குறிபார்க்கும். ஓடும் திசையும் சுடும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இவ்வகையின் அடிப்படை. பின்வாங்கி ஓடிக்கொண்டே முன்னால் வரும் எதிரியைச் சுடலாம். பிஜிஎம்ஐ போன்ற கைபேசி விளையாட்டுகளில் இடது கட்டைவிரலால் நகர்ந்து, வலது கட்டைவிரலால் குறிபார்த்துப் பழகிய இந்திய இளைஞர்களுக்கு இந்த முறை புதிதன்று. ஆனால் இங்கே பார்வை மேலிருந்து கீழ் நோக்கியது. ஆடுகளத்தின் ஒரு பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் கண்முன் விரியும். கணினியில் ஆடுவோர் விசைப்பலகையால் நகர்ந்து, மவுஸால் குறிபார்ப்பார்கள்.

இதன் மூல வடிவம் 1982-இல் வெளியான 'ரோபோட்ரான்: 2084'. யூஜீன் ஜார்விஸும் லாரி டிமாரும் வடிவமைத்த அந்த விளையாட்டு, அமெரிக்க விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு ஆடும் பெட்டியாக வந்தது. அதில் சுடுவதற்குப் பொத்தானே கிடையாது. இரண்டு ஜாய்ஸ்டிக்குகள் மட்டுமே இருந்தன. ஒன்று நகர, ஒன்று சுட. பின்னர் வீட்டுக் கருவிகளின் காலம் வந்தபோது ஒரே ஒரு குச்சி கொண்ட கன்ட்ரோலர்களால் இந்த வகை பின்தங்கியது. இரட்டைக் குச்சிகள் வழக்கமான பிறகு, 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியில் வந்த 'ஜியாமெட்ரி வார்ஸ்: ரெட்ரோ எவால்வ்ட்' இதற்கு மறுவாழ்வு அளித்தது.

நியூக்ளியர் த்ரோன் இத்துடன் மற்றொரு மரபையும் இணைத்துக்கொண்டது. 1980-இல் உருவான 'ரோக்' என்ற கணினி விளையாட்டின் வழிவந்தது அது. ஒவ்வொரு முறையும் ஆடுகளத்தைக் கணினியே புதிதாக உருவாக்கும். செத்தால் எல்லாம் போய்விடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாதையை மனப்பாடம் செய்து வெல்ல வழியில்லை. எதிரிகளின் குணத்தையும் ஆயுதங்களின் இயல்பையும் மட்டுமே கற்க முடியும். நிதானமாக யோசித்து ஆடுவதற்கென்று பிறந்த அந்த மரபை, யோசிக்க நேரமே தராத துப்பாக்கிச் சண்டையுடன் பிணைத்ததுதான் இதன் துணிச்சல்.

நாயகன் ஏன் மீன்?

விளையாட்டில் தேர்ந்தெடுக்கத்தக்க பாத்திரங்கள் 12. தொடக்கத்திலேயே கிடைப்பவை இரண்டு: மீனும், படிக உடல் கொண்ட கிரிஸ்டலும். முதன்முதலாக ஆடுபவர் பெரும்பாலும் மீனையே தேர்ந்தெடுக்கிறார். 'ஃபிஷ்' என்றே பெயரிடப்பட்ட அந்த மீன், பணி ஓய்வு பெற்ற காவலர். அதனால் அதற்குத் தோட்டாக்கள் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். ஆபத்து வரும்போது தரையில் உருண்டு தப்பிக்கவும் தெரியும். வேறெந்தச் சிறப்பாற்றலும் இல்லை. பாத்திரத் தேர்வுத் திரையில் எல்லோரும் தீ மூட்டிக் குளிர்காய்ந்து கொண்டிருக்கையில் அது கிதாருடன் அமர்ந்திருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் வேலைக்கு இழுக்கப்பட்ட ஒருவரின் சலிப்பு அந்தச் சிறு உருவத்தில் எப்படியோ வந்துவிடுகிறது.

மற்றொரு விலங்கு நாயகன் கோழி. அதன் தொடக்க ஆயுதம் கத்தானா எனப்படும் சப்பானிய வாள். கோழியின் உயிர்பலம் தீர்ந்ததும் ஆட்டம் உடனே முடிவதில்லை. தலை துண்டாகி, உடல் மட்டும் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்துக்குள் மருந்துப் பெட்டி ஒன்றைக் கண்டெடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம். தலை போன பின்னும் துடிக்கும் கோழியைக் கண்டவர்களுக்கு இந்த விதியை விளக்க வேண்டிய தேவையே இராது. மொட்டைக் கண்களின் தொகுப்பாக ஓர் உருவம், நடக்கும் செடி, தசை முறுக்கேறிய மனித உருவம் என மற்றவையும் அப்படியே. தோற்றத்தைக் கண்டாலே ஆற்றலை ஊகிக்கலாம்.

விலங்கு நாயகன் என்பது வெறும் வேடிக்கையன்று. இந்த விளையாட்டின் திரை, தற்காலக் கணினித் திரைகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த பிக்சல்களால் ஆனது. அதில் ஒரு பாத்திரத்துக்குக் கிடைக்கும் இடம் விரல்நுனி அளவே. தோட்டாக்களும் புகையும் வெடிச் சிதறல்களும் நிறைந்த திரையில், ஆட்டக்காரர் தன் உருவத்தை ஒரு நொடியும் தொலைத்துவிடக் கூடாது. ஒரு மனிதனை மற்றொரு மனிதனிடமிருந்து பிரித்துக் காட்ட முகமும் உடையும் வேண்டும். மீனைக் காட்ட ஒரு துடுப்பு போதும். பிக்சல் ஓவியரும் அசைவூட்டக் கலைஞருமான பால் வீர் வரைந்த இந்த உருவங்களை விமர்சகர்கள் ஒருமித்துப் பாராட்டியதற்கு அவற்றின் விசித்திரம் மட்டுமன்று, இந்தத் தெளிவும் காரணம்.

சுடும் உணர்வு எங்கிருந்து வருகிறது?

விமர்சனங்களில் மிக அதிகமாகப் பேசப்பட்டது ஒன்றுதான்: இதில் துப்பாக்கி சுடுவது கையில் உணரக்கூடியதாக இருக்கிறது என்பது. எழுத்தில் விளக்கக் கடினமான இந்த உணர்வை எப்படி உருவாக்கினார்கள் என்பதற்கு நேரடியான சான்று உள்ளது. விளாம்பேரின் நிறுவனர்களுள் ஒருவரான யான் வில்லெம் நைமன், 2013-இல் 'திரை அதிர்வின் கலை' என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் உரை நிகழ்த்தினார். விளையாட்டு வடிவமைப்பு பயில்வோர் இன்றும் தேடிப் பார்க்கும் உரை அது.

அந்த உரையில் அவர் உயிரற்ற ஓர் எளிய சுடும் விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதில் சிறுசிறு மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார். தோட்டாவைப் பெரிதாக்குகிறார். துப்பாக்கி முனையில் ஒளி பளிச்சிடச் செய்கிறார். தோட்டா பட்ட எதிரி ஒரு கணம் வெளிறுகிறது, பின்னோக்கித் தள்ளப்படுகிறது. சுட்டவரும் சற்றுப் பின்னே உந்தப்படுகிறார். கேமரா அதிர்கிறது. செத்த உடல் மறையாமல் தரையிலேயே கிடக்கிறது. அடி விழும் கணத்தில் விளையாட்டு முழுவதும் கண் சிமிட்டுவதினும் குறைந்த நேரம் நின்று, பிறகு ஓடுகிறது. இவற்றில் எதுவும் விளையாட்டின் விதிகளைப் பெரிதாக மாற்றுவதில்லை. ஆனால் உரையின் தொடக்கத்தில் இருந்த விளையாட்டும் முடிவில் இருந்ததும் வெவ்வேறு என்றே தோன்றும்.

நியூக்ளியர் த்ரோன் இந்த நுட்பங்களின் முழுத் தொகுப்பு என்று சொன்னால் மிகையாகாது. ஷாட்கன் குண்டுகள் சுவரில் பட்டுத் தெறிக்கின்றன. சுடப்பட்ட எதிரியின் உடல் மணலில் சறுக்கிச் செல்கிறது. வெடிகுண்டு வெடித்தால் சுவரே பெயர்கிறது. ஃபின்லாந்தைச் சேர்ந்த யூனாஸ் டர்னரின் ஒலி வடிவமைப்பும் யூகியோ கல்லியோவின் கரடுமுரடான கிதார் இசையும் இந்த அதிர்வுகளுக்கு எடை சேர்த்தன. இந்த ஒலிகளை நீக்கிவிட்டு ஆடிப் பார்த்தால் ஒவ்வொரு துப்பாக்கியும் பாதி பலம் இழந்ததாகத் தோன்றும்.

இதே அதிர்வு சிலருக்குத் தொல்லையாகவும் இருந்தது. தொடர்ந்து குலுங்கும் திரையில் எதிரியின் தோட்டாவைத் தவறவிடுவது எளிது. தலைசுற்றலுக்கு ஆளாவோரும் உண்டு. அதிர்வின் அளவைக் குறைத்துக்கொள்ளும் வசதி அமைப்புகள் பகுதியில் தரப்பட்டதை இங்கே குறிப்பிட வேண்டும். தன் கலையின் மையம் என்று கருதும் ஒன்றையே அணைத்துக்கொள்ள ஆட்டக்காரருக்கு உரிமை தருவது எல்லாப் படைப்பாளிகளும் செய்வதன்று.

தோல்வி நியாயமானதா?

விமர்சகர்களிடையே உண்மையான கருத்து வேறுபாடு எழுந்தது கடினத்தன்மை குறித்தே. பாலைவனம், சாக்கடை, பழைய இரும்புக் கிடங்கு, படிகக் குகை, உறைபனி நகரம், ஆய்வகம், அரண்மனை என ஏழு பகுதிகள், மொத்தம் 15 கட்டங்கள். தேர்ந்தவர் ஒருவர் அரை மணி நேரத்தில் அரியணையை எட்டிவிடலாம். ஆனால் பெரும்பாலோர் பல மணி நேரம் ஆடியும் இரும்புக் கிடங்கைத் தாண்டுவதில்லை.

எதிரிகள் அழியும்போது கதிர்வீச்சுத் துளிகள் சிதறும். அவற்றைச் சேகரித்தால் பாத்திரத்தின் நிலை உயரும். நிலை உயரும்போதெல்லாம் ஓர் உருமாற்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 'ரைனோ ஸ்கின்' காண்டாமிருகத் தோலைத் தந்து உயிர்பலத்தைக் கூட்டும். 'ஸ்கேரியர் ஃபேஸ்' முகத்தைப் பயங்கரமாக்கி எதிரிகளின் பலத்தைக் குறைக்கும். 'யூஃபோரியா' எதிரிகளின் தோட்டாக்களை மெதுவாக்கும். சிக்கல் என்னவெனில், சிதறிய துளிகள் வெகுநேரம் காத்திருப்பதில்லை, மறைந்துவிடும். தொலைவில் பதுங்கிச் சுடுபவர் பாதுகாப்பாக இருப்பார், ஆனால் வளர மாட்டார். வளர வேண்டுமானால் ஆபத்தை நோக்கி ஓட வேண்டும். பேராசைக்கும் பயத்துக்கும் இடையே ஒவ்வொரு நொடியும் தேர்வு செய்யச் சொல்லும் இந்தச் சிறு விதிதான் விளையாட்டின் உயிர்நாடி. பாராட்டிய விமர்சகர்கள் பலரும் சுட்டியது, செத்தவுடன் தன் தவறு என்னவென்று தனக்கே தெரிந்துவிடுகிறது என்பதைத்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த ஆட்டம் உடனே தொடங்கிவிடும். கோபப்பட நேரமில்லை.

மறுதரப்பின் வாதத்திலும் வலு உண்டு. திரைக்கு வெளியே இருக்கும் எதிரி எறிந்த குண்டால் சாவது எவ்வகையில் ஆட்டக்காரரின் தவறு? அருகில் நிற்கும் கைவிடப்பட்ட கார் வெடிக்கும் என்பதை முதன்முறை வருபவர் எப்படி அறிவார்? தன் கையிலுள்ள எறிகுண்டுத் துப்பாக்கியே தன்னைக் கொல்லும் என்பதை விளையாட்டு எங்கும் சொல்வதில்லை. ஒரு முறை செத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விளக்கக் குறிப்புகள் அனைத்தும் விடுகதை போன்ற ஓரிரு சொற்களில் முடிந்துவிடுகின்றன. ஆயுதங்கள் தற்செயலாகவே கிடைப்பதால், சில ஆட்டங்கள் தொடக்கத்திலேயே சாதகமாகவும் சில பாதகமாகவும் அமைந்துவிடுகின்றன. இவையெல்லாம் தொடர்ந்து எழுப்பப்பட்ட குறைகள்.

இவற்றுள் திரைக்கு வெளியிலிருந்து வரும் சாவு பற்றிய குறை முற்றிலும் நியாயமானது. கற்றுக்கொண்டதற்கு மட்டுமே மதிப்பு என்று சொல்லும் விளையாட்டு, கண்ணால் காண முடியாததைக் கொண்டு தண்டிக்கக் கூடாது. ஆனால் விளக்கம் போதாது என்ற குறை அவ்வளவு வலுவானதன்று. இங்கே முதல் சாவுக்கே ஒரு பரிசு உண்டு: ஒரு முறை செத்தவுடன் 'மெல்ட்டிங்' என்ற புதிய பாத்திரம் திறக்கிறது. உருகி வழியும் உடலும் வெறும் இரண்டு புள்ளி உயிர்பலமும் கொண்ட பாத்திரம் அது. சாவுதான் இங்கே பாடம் என்பதை ஆக்கியோர் முதல் நிமிடத்திலேயே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள்.

இந்த விவாதத்துக்குக் காலப் பின்னணியும் ஒன்று உண்டு. 2013-இல் வந்த 'ரோக் லெகசி' என்ற விளையாட்டு, தோற்றாலும் சேர்த்த பணத்தைக் கொண்டு அடுத்த தலைமுறை நாயகனை வலுப்படுத்தும் முறையைப் புகுத்தியது. ஒவ்வொரு தோல்வியும் சிறிது முன்னேற்றமே என்ற அந்த அணுகுமுறை ஆட்டக்காரர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. பிற்காலத்தில் 2020-இல் 'ஹேடீஸ்' அதை உச்சத்துக்குக் கொண்டுசென்றது. நியூக்ளியர் த்ரோன் வந்த காலத்தில் காற்று அந்தத் திசையில் வீசத் தொடங்கியிருந்தது. விளாம்பேர் அதற்கு எதிராக நடந்தது. புதிய பாத்திரங்களும் சில தொடக்க வசதிகளும் திறக்குமே தவிர, ஆட்டக்காரரின் பலம் ஆட்டத்துக்கு ஆட்டம் கூடிக்கொண்டே போகும் ஏற்பாடு இங்கே கிடையாது. நாள்தோறும் உலகெங்கும் உள்ள அனைவருக்கும் ஒரே ஆடுகளத்தைத் தரும் தினசரிப் போட்டியும் அதே நோக்கிலானது. புதியவரும் பழகியவரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குகிறார்கள்.

விமர்சகருக்கு முன்பே தீர்ப்பு சொன்னவர்கள்

இந்த விளையாட்டின் வரவேற்பைப் புரிந்துகொள்ள, 2015 டிசம்பரில் வெளியான விமர்சனங்களை மட்டும் படித்தால் போதாது. உண்மையான தீர்ப்பு அதற்கு இரண்டாண்டு முன்பே எழுதப்படத் தொடங்கிவிட்டது.

2013 பிப்ரவரியில் 'மைன்கிராஃப்ட்' புகழ் மொஜாங் நிறுவனம் தொண்டு நிதிக்காக நடத்திய மொஜாம் என்ற வார இறுதி நிகழ்வில், 'வேஸ்ட்லேண்ட் கிங்ஸ்' என்ற பெயரில் இதன் முதல் வடிவம் அவசரமாக உருவாக்கப்பட்டது. 'வேஸ்ட்லேண்ட்' என்ற பெயரில் வேறொரு புகழ்பெற்ற விளையாட்டு வரிசை இருந்ததால், குழப்பத்தைத் தவிர்க்கப் பெயர் மாற்றப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்டீமின் 'எர்லி ஆக்சஸ்' திட்டத்தின் கீழ் விற்பனைக்கு வந்தது. முழுமையடையாத விளையாட்டையே பணம் கொடுத்து வாங்கி, அது வளர்வதை ஆட்டக்காரர்கள் உடனிருந்து பார்க்கும் ஏற்பாடு அது.

அந்தத் திட்டத்தின் பெயர் அப்போது அவ்வளவு நன்றாக இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு பாதியில் கைவிடப்பட்ட விளையாட்டுகள் பல. பெயர் பெற்ற டபுள் ஃபைன் நிறுவனமே 'ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9' என்ற விளையாட்டின் பணியை, வாக்களித்த பல அம்சங்கள் நிறைவேறாத நிலையில் 2014-இல் முடித்துக்கொண்டது. வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். இந்தச் சூழலில் விளாம்பேர் வாரந்தோறும் புதிய மேம்படுத்தலை வெளியிட்டது. அதோடு நிற்காமல், வாரத்தில் இரண்டு நாட்கள் விளையாட்டை உருவாக்கும் பணியையே ட்விட்ச் தளத்தில் நேரலையாக ஒளிபரப்பியது. நைமன் நிரல் எழுதுவதை ஆட்டக்காரர்கள் பார்த்தார்கள். ஒரு துப்பாக்கி பிறப்பதையும், அது சரியில்லை என்று தூக்கி எறியப்படுவதையும் பார்த்தார்கள். நிறுவனத்தின் மற்றொரு நிறுவனரான ரமி இஸ்மாயில் இம்முறையை, மேடை நிகழ்ச்சியைப் போன்ற விளையாட்டு உருவாக்கம் என்று வகைப்படுத்தினார்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய காயமும் இருந்தது. விளாம்பேர் 2010-இல் இலவசமாக வெளியிட்ட 'ரேடிகல் ஃபிஷிங்' என்ற மீன்பிடி விளையாட்டைக் கைபேசிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, 2011-இல் அதே கருத்தைக் கொண்ட 'நிஞ்சா ஃபிஷிங்' என்ற வேறொரு நிறுவனத்தின் விளையாட்டு முந்திக்கொண்டு ஐபோனில் வந்துவிட்டது. மனமுடைந்த குழு தன் விளையாட்டை முடிக்க மேலும் பல மாதங்கள் எடுத்துக்கொண்டது. ஒருவழியாக 2013 மார்ச்சில் 'ரிடிக்குலஸ் ஃபிஷிங்' வெளிவந்து, அவ்வாண்டின் சிறந்த ஐபோன் விளையாட்டாக ஆப்பிள் நிறுவனத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டது. மூடிய அறைக்குள் உருவாக்கி, வெளியிடும் முன்பே பறிகொடுத்தவர்கள், அடுத்த விளையாட்டை ஊரறிய நடுவீதியில் உருவாக்கியதில் வியப்பில்லை. யார் செய்தது என்பதற்கு ஆயிரக்கணக்கானோர் கண்கண்ட சாட்சி.

வெளிப்படையாக உருவாக்குவதில் ஆபத்தும் இருந்தது. வாரந்தோறும் மக்கள் கருத்தைக் கேட்பவர், வாரந்தோறும் சிறிது வளைந்துகொடுக்க நேரிடும். மிகவும் கடினம் என்ற முறையீடு தொடக்கம் முதலே இருந்தது. அந்த இரண்டாண்டுகளில் பாத்திரங்களும் ஆயுதங்களும் பகுதிகளும் எத்தனையோ மாறின. சமநிலை திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டது. ஆனால் தோற்றவர் வெறுங்கையுடன்தான் திரும்ப வேண்டும் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை. இறுதிப் பதிப்பு வந்தபோது விமர்சகர்கள் கண்டது, ஆயிரக்கணக்கானோர் அடித்துத் திருத்தியும் அசையாமல் நின்ற ஒரு வடிவமைப்பை. முதல் நாள் விமர்சனங்களில் இவ்வளவு ஒற்றுமை நிலவியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

சிறு நிறுவனங்கள் விமர்சகர்களை எட்டுவதே கடினம் என்பதையும் விளாம்பேர் அறிந்திருந்தது. விளம்பரத்துக்குப் பணம் இல்லாதவருக்கு விமர்சனமே விளம்பரம். ஒரு பத்திரிகையாளருக்குத் தேவையான படங்கள், விவரங்கள், தொடர்பு முகவரி ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எளிதாகத் தொகுக்க உதவும் 'பிரஸ்கிட்' என்ற கருவியை இஸ்மாயில் உருவாக்கி எல்லோருக்கும் இலவசமாக அளித்தார். உலகெங்கும் உள்ள சுயாதீனப் படைப்பாளிகள் அதைப் பயன்படுத்தினர். விமர்சன உலகுக்கு விளாம்பேர் விட்டுச்சென்ற தடம் ஒரு வகையில் இதுவே பெரிது.

வரவேற்புக்குப் பிறகு

குறைகளாகச் சொல்லப்பட்ட பிறவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். அகலத்திரைக் காலத்தில் பழைய தொலைக்காட்சியின் சதுரப் பாங்கான திரை அளவிலேயே விளையாட்டு வெளிவந்தது. இருபுறமும் அலங்கார ஓவியங்களால் நிரப்பப்பட்டன. நொடிக்கு 30 காட்சிகள் என்ற வேகமும் சிலருக்குக் குறைவாகப் பட்டது. இருவர் சேர்ந்து ஆட ஒரே அறையில் இருக்க வேண்டும். இணையம் வழியே ஆட வழியில்லை. நோக்கம் என்ன, அரியணை எதற்கு என்று கதையை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். இவை எதுவும் ஒட்டுமொத்த மதிப்பீட்டைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

பிளேஸ்டேஷன் 4, கையடக்கக் கருவியான பிளேஸ்டேஷன் வீட்டா ஆகியவற்றுக்குக் கணினிப் பதிப்புடன் ஒரே நாளில் வந்த இந்த விளையாட்டு, 2019-இல் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கும் சென்றது. அதே ஆண்டு கூண்டிலிருந்து தப்பும் கொரில்லாவை நாயகனாகக் கொண்ட 'ஏப் அவுட்' வெளியாகி, தாள வாத்திய இசைக்கும் வன்முறைக்குமான பிணைப்புக்காகப் பாராட்டப்பட்டது. மேலிருந்து பார்க்கும் காட்சி, விலங்கு நாயகன், கணினியே உருவாக்கும் ஆடுகளம், இமைப்பொழுதில் மறுதொடக்கம் என இரண்டுக்கும் ஒற்றுமைகள் பல. கொரில்லாவிடம் துப்பாக்கி இல்லை. காவலர்களைப் பிடித்து எறிவதே அதன் ஆயுதம்.

தீச்சுடரையும் கரடியையும் குறிக்கும் டச்சுச் சொற்களைச் சேர்த்துப் பெயர் சூட்டிக்கொண்ட விளாம்பேர், தன் பத்தாம் ஆண்டு நிறைவு நாளான 2020 செப்டம்பர் 1 அன்று கலைவதாக அறிவித்தது. அதற்கு முன்பே நைமன் வேறு கலைஞர்களுடன் இணைந்து பணியாற்றத் தொடங்கியிருந்தார். யூகியோ கல்லியோவும் பங்கேற்ற 'மினிட்' 2018-இல் வெளிவந்தது. அதில் நாயகன் ஒவ்வொரு 60 நொடிக்கும் ஒருமுறை செத்துப் பிழைப்பான். ஆனால் கண்டெடுத்த பொருள்கள் அவனிடமே தங்கிவிடும். நிறுவனம் கலைந்த சில வாரங்களில் வந்த 'டிஸ்க் ரூம்' விளையாட்டில், சுழலும் தகடுகளில் எத்தனை விதமானவற்றால் வெட்டுப்பட்டுச் செத்திருக்கிறார் என்பதும் ஆட்டக்காரரின் கணக்கில் சேர்கிறது. சில அறைகளின் கதவுகள் அந்தக் கணக்கை வைத்துத் திறக்கும்.